ஃபாரோ தீவுகள் ஜெயிக்கக் கற்றுக்கொண்ட விதம்

கேள்வி இதுதான்: ஐம்பத்தைந்தாயிரம் பேர்கூட முழுசாக இல்லாத ஃபாரோ தீவுகள், 2025 அக்டோபரில் கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செக் குடியரசை 2-1 என்று தோற்கடித்தது எப்படி? குருட்டு அதிர்ஷ்டமா, ஏதாவது ரகசியம் இருக்கிறதா? இவர்கள் என்றாவது உலகக் கோப்பையில் ஆடுவார்களா?

அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அந்த ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்புதான் இதே அணி மான்டினீக்ரோவை 4-0 என்று துவைத்து எடுத்திருந்தது. 2022-இல் துருக்கி, 2014-இலும் 2015-இலும் கிரீஸ், 1990-இல் ஆஸ்திரியா என்று இவர்களிடம் மண்ணைக் கவ்வியவர்களின் பட்டியல் கொஞ்சம் நீளமானது. ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு காரணம் இருக்கிறது. ‘சின்ன நாட்டின் பெரிய மனசு’ பாணிக் கட்டுரைகள் அதைச் சொல்வதே இல்லை. நான் சொல்லப்போவது அதைத்தான்: 1988-இலும் 1990-இலும் ஃபாரோ தீவுகளுக்கு இரண்டு கதவுகள் திறந்தன. அந்தக் கதவுகள் வழியாக உள்ளே போய், முப்பத்தைந்து வருடம் விடாமல் பெரிய அணிகளிடம் உதை வாங்கினார்கள். இப்போதைய வெற்றிகள் அந்த உதையின் வட்டியும் முதலும்.

முதலில் இடத்தைப் பற்றி. ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவில், வட அட்லாண்டிக்கில் கிடக்கும் 18 தீவுகள். டென்மார்க் முடியாட்சியின் கீழ் வருகிறது. ஆனால் தனி நாடாளுமன்றம், தனி மொழி, தனிக் கொடி எல்லாம் உண்டு. மீன்தான் பிழைப்பு. கோடையிலேயே குளிரும், மழை எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, காற்று சதா அடித்துக்கொண்டே இருக்கும். மரம் குறைவு, சமதரை அதைவிடக் குறைவு. கால்பந்துக்கு வேண்டிய முதல் பொருளே சமதரைதான் என்பதால், இந்த ஊர்க்காரர்கள் கால்பந்துப் பைத்தியமானது சற்று விசித்திரம்தான். ஆனாலும் ஆனார்கள். துவோரோய்ரி என்ற ஊரின் டிபி கிளப் தொடங்கியது 1892-இல். கிளாக்ஸ்விக் ஊரின் கேஐ கிளப் 1904-இல். லீக் 1942-இலிருந்து நடக்கிறது.

மைதானம் என்றால் என்ன மாதிரி மைதானம்? எய்தி என்ற கிராமத்தில் கடலை ஒட்டியே ஒரு திடல் இருந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அட்லாண்டிக். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் பந்து கடலில் போய் விழும், படகில் போய்த்தான் எடுத்து வரவேண்டும். இப்போது அங்கே ஆட்டம் கிடையாது. சுற்றுலாப் பயணிகள் கூடாரம் அடித்துத் தங்கும் இடமாகிவிட்டது. கிளப் வேறு மைதானத்துக்கு மாறிவிட்டது.

இனி அந்தக் கதவுகள். 1979-இல் ஃபாரோ கால்பந்துச் சங்கம் உருவானது. 1988-இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா உறுப்பினர் ஆக்கிக்கொண்டது. 1990 ஏப்ரலில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ. இறையாண்மை உள்ள நாடாக இல்லாத ஒரு பகுதி இப்படிச் சேர முடிந்தது அந்தக் காலத்து விதிகள் தளர்வாக இருந்ததால்தான். சில வருடங்களிலேயே நிலைமை மாறியது. ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டர் 1999 வாக்கில் விண்ணப்பித்தபோது, ஐக்கிய நாடுகள் சபை தனி நாடாக ஏற்ற பகுதிகளைத்தான் சேர்ப்போம் என்று யூஇஎஃப்ஏ விதியை இறுக்கியது. ஜிப்ரால்டர் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் மல்லுக்கட்டி 2013-இல்தான் உள்ளே நுழைந்தது. ஃபாரோ அணி பத்து வருடம் தாமதித்திருந்தால் அந்த வரிசையில் நின்றிருக்கும், அல்லது இன்னும் நின்றுகொண்டிருக்கும். ஒலிம்பிக்கில் இப்போதும் அதுதான் கதி. ஃபாரோ நீச்சல் வீரர் பால் யோன்சன் ஒலிம்பிக்கில் டென்மார்க் கொடியின் கீழ்தான் நீந்த வேண்டியிருந்தது.

யூஇஎஃப்ஏ சேர்த்துக்கொண்ட ஐந்தே மாதத்தில் முதல் அதிகாரப்பூர்வப் போட்டி. 1992 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. எதிரணி ஆஸ்திரியா. அதே வருடம் இத்தாலியில் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்த அணி. சொந்த ஊரில் நடத்த ஃபாரோவிடம் புல்தரையே இல்லை, இருந்தவை பெரும்பாலும் சரளைத் திடல்கள். அதனால் ‘சொந்த மண்’ ஆட்டத்தை ஸ்வீடன் நாட்டின் லாண்ட்ஸ்குரோனா என்ற துறைமுக ஊரில் வைத்தார்கள். 1990 செப்டம்பர் 12. வந்திருந்த கூட்டம் ஆயிரத்துச் சொச்சம்.

அன்றைய அணியில் ஒருவர்கூட முழுநேர ஆட்டக்காரர் இல்லை. கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் குனுட்சன் மீன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். தலையில் குஞ்சம் வைத்த வெள்ளைக் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வந்து நின்றார். சிறு வயதில் ஆடும்போது தலையில் அடிபட்டதிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அது. ஆஸ்திரியர்களுக்கு அந்தக் குல்லாவைப் பார்த்ததுமே சிரிப்பு வந்திருக்கும். இரண்டாம் பாதியில், ஒரு மணி நேரம் கடந்த சிறிது நேரத்துக்கெல்லாம், டோர்கில் நீல்சன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, தடுப்பாட்டக்காரர்களை ஏமாற்றி, தரையோடு தரையாக ஒரு உதை விட்டார். கோல். நீல்சன் சதுரங்கத்திலும் பெரிய கை, சதுரங்க ஒலிம்பியாடில் ஃபாரோ அணிக்காக ஆடியவர். மீதி நேரம் முழுவதும் ஆஸ்திரியா முட்டிப் பார்த்தது. கம்பளிக் குல்லா அசையவில்லை. 1-0.

ஆஸ்திரியப் பயிற்சியாளர் யோசப் ஹிக்கர்ஸ்பெர்கர் பதவி விலகினார். குல்லா உலகப் புகழ் பெற்றது. ஃபாரோ அணியின் பயிற்சியாளர் பால் குத்லௌக்சன் ஐஸ்லாந்துக்காரர். பக்கத்துத் தீவு நாட்டிலிருந்து ஆளைக் கூட்டி வந்தது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கேயே நிறுத்திவிட்டு, தாவீதும் கோலியாத்தும் என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அடுத்த மாதம் கோபன்ஹேகனில் டென்மார்க்கிடம் 4-1 தோல்வி. 1991 மே மாதம் பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவிடம் 7-0. நடுவில் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்துடன் 1-1 என்று ஒரு டிரா. எட்டு ஆட்டம், போட்ட கோல் 3, வாங்கிய கோல் 26. அதற்கடுத்து 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. பத்து ஆட்டம், பத்திலும் தோல்வி. போட்டது ஒரே ஒரு கோல், வாங்கியது 38. ஆஸ்திரியாவை வென்ற அதே தலைமுறைதான் இது. அந்த 1-0 அவர்களுடைய உண்மையான தரத்தைக் காட்டவில்லை. 38 கோல்தான் காட்டியது. அந்த ஒரு ராத்திரியை வேண்டுமானால் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அந்தப் பத்து தோல்விகளும் பெல்ஜியம், ருமேனியா, வேல்ஸ், சைப்ரஸ், அன்றைய செக்-ஸ்லோவாக் கூட்டணி போன்ற அணிகளிடம். ருமேனியாவில் ஹாஜி, வேல்ஸில் இயன் ரஷ் என்று உலக நட்சத்திரங்கள் இருந்த காலம். மீன் தொழிற்சாலையிலும் தச்சுப் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள் வருடத்துக்கு நாலைந்து முறை இப்படிப்பட்டவர்களுக்கு எதிரே நின்றார்கள். பந்து எவ்வளவு வேகமாகக் கைமாறும், எந்த நொடியில் இடம் விட்டால் கோல் விழும் என்பதையெல்லாம் எந்தப் பயிற்சி முகாமும் சொல்லித்தர முடியாது. அடி வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், இந்த ஆட்டங்கள் காலண்டரில் நிச்சயமாக இருந்தன. தோற்றாலும் அடுத்த வருடம் மறுபடி குலுக்கலில் பெயர் வரும். தொலைக்காட்சி உரிமைப் பணத்தில் பங்கு வரும். அந்தப் பணத்தில் மைதானம் போடலாம்.

மைதானம்தான் முதல் வேலையாக நடந்தது. டோஃப்டிர் என்ற சின்ன ஊரில், மலைச்சரிவில் பாறையைத் தகர்த்து உருவாக்கிய ஸ்வாங்கஸ்கார்த் திடலில் புல்தரை போட்டார்கள். தொண்ணூறுகளில் நாட்டின் அணி அங்கேதான் ஆடியது. பெரிய நாடுகளின் கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் விமானம் பிடித்து, பேருந்தில் மலைப்பாதை ஏறி, காற்றில் தலைமுடி பறக்க அங்கே வந்து நின்றார்கள். சொந்த மண்ணில் அதிகாரப்பூர்வமான முதல் வெற்றி 1995 மே மாதம் சான் மரினோவுக்கு எதிராக, 3-0. அந்தச் சுற்றில் வெளியூரிலும் சான் மரினோவை வென்றார்கள். 1998 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மால்டாவை இரண்டு முறை வென்றார்கள். சின்ன வெற்றிகள்தான். ஆனால் 38 கோல் வாங்கிய அணி இப்போது தன் எடைக்குச் சமமானவர்களைத் தோற்கடிக்கும் அணியாகிவிட்டிருந்தது.

அந்தக் காலத்துப் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஆலன் சைமன்சன். 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து வாங்கிய டென்மார்க்காரர். 1994-இலிருந்து 2001 வரை இருந்தார். அவருக்குப் பின் ஹென்ரிக் லார்சன், பிறகு அயர்லாந்தின் பிரையன் கெர், பிறகு லார்ஸ் ஓல்சன். ஓல்சன் 1992-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற டென்மார்க் அணியின் தலைவர். டென்மார்க்கோடு ஒட்டிக்கொண்டிருப்பதில் உள்ள நன்மை இது. ஆள் பிடிக்கச் சுலபம், மொழியும் தடையில்லை. ஃபாரோ இளைஞர்களும் பதினாறு பதினேழு வயதில் டென்மார்க்கின் கிளப்புகளுக்குப் போவது சகஜமாயிற்று. பிறகு நார்வே, ஐஸ்லாந்து என்று பரவினார்கள். கோல்கீப்பர் குன்னார் நீல்சன் 2010-இல் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆர்சனல் ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினார். யோவான் சிமுன் எட்மண்ட்சன் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பன்டஸ்லிகாவில் கோல் போட்ட முதல் ஃபாரோக்காரர்.

அரைகுறை வெற்றிகளும் சில உண்டு, எனக்கு அவைதான் ரொம்பப் பிடித்தவை. 2002 செப்டம்பரில் டோஃப்டிரில் ஸ்காட்லாந்துடன் ஆட்டம். பன்னிரண்டு நிமிடத்துக்குள் யோன் பீட்டர்சன் இரண்டு கோல் போட்டுவிட்டார். ஸ்காட்லாந்து திணறித் திணறி 2-2 என்று தப்பித்தது. அடுத்த வருடம் ஜூனில், உலகக் கோப்பை இறுதி வரை போன ஜெர்மனி வந்தது. 89-ஆவது நிமிடம் வரை 0-0. அதற்குப் பிறகு குளோசாவும் போபிச்சும் ஆளுக்கு ஒன்று போட்டு 2-0 என்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஸ்கோரை மட்டும் பார்த்தால் சாதாரணத் தோல்வி. பத்து வருடத்துக்கு முன் இதே மாதிரி அணிகளிடம் ஆறும் ஏழும் வாங்கியவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

2014 நவம்பர் 14. இடம் கிரீஸின் பிரேயஸ். ஃபிஃபா தரவரிசையில் கிரீஸ் 18, ஃபாரோ 187. அந்த வருட உலகக் கோப்பையில் கடைசி பதினாறு வரை போன அணி கிரீஸ். எட்மண்ட்சன் ஒரே ஒரு கோல் போட்டார், 1-0. கிரீஸின் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை அடுத்த கோடையில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப் கூப்பிட்டது, யாருமே எதிர்பாராத அந்தக் கிளப்போடு 2016-இல் அவர் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். ஆக, லெஸ்டரின் அதிசயத்திலும் ஃபாரோவுக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு என்று நான் நண்பர்களிடம் சொல்வது வழக்கம். 2015 ஜூனில் ஃபாரோ தலைநகர் டோர்ஷவ்னில் மறு ஆட்டம். அதிலும் ஃபாரோ, 2-1. ஒரு முறை நடந்தால் விபத்து. ஏழு மாதத்தில் அதே அணியை மறுபடி வென்றால் அதற்குப் பெயர் வேறு.

பயிற்சியாளர் வேலை போகும் கதை இதோடு முடியவில்லை. ஹிக்கர்ஸ்பெர்கர், ரனியேரிக்கு அடுத்து 2023-இல் ஸ்டானிஸ்லாவ் செர்செசோவ். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்குப் பயிற்சி தந்தவர், அப்போது ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷ் கிளப்பில் இருந்தார். அவரைக் கவிழ்த்தது நாட்டின் அணிகூட இல்லை, ஐயாயிரம் பேர் வாழும் ஊரின் கிளப். கிளாக்ஸ்விக் கேஐ. ஐரோப்பாவின் முதல்நிலைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் சொந்த ஊரில் 0-0, பிறகு புடாபெஸ்டில் போய் 3-0. ஆர்னி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் இரண்டு, லூக் காசி ஒன்று. முந்தைய பருவத்தில் மொனாக்கோவையும் டிராப்சன்ஸ்போரையும் பின்னால் தள்ளி யூரோப்பா லீக் பிரிவில் முதலிடம் வந்த கிளப் ஃபெரென்ஸ்வாரோஷ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கனைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தியது கேஐ. அதற்கடுத்து நார்வேயின் மோல்டேவை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் தோற்றது. கடைசியில் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கில் இடம் கிடைத்தது. ஐரோப்பியப் போட்டி ஒன்றின் பிரிவுச் சுற்றுக்குப் போன முதல் ஃபாரோ கிளப். அங்கே பிரான்ஸின் லீலுடன் 0-0, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவுடன் 3-0.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு நாட்டின் அணி ஜெயிப்பது வேறு, அந்த நாட்டின் உள்ளூர் கிளப் ஜெயிப்பது வேறு. நாட்டின் அணியில் வெளிநாட்டில் ஆடுபவர்களைத் திரட்டிவிடலாம். கிளப் என்றால் அந்த ஊரின் லீக் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்கான நேரடிச் சான்று. கிளாக்ஸ்விக் பையன்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். இவர்கள் இந்த அளவுக்கு வந்ததற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று செயற்கைப் புல். இன்று ஃபாரோவில் ஊருக்கு ஊர் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, தேசிய மைதானமான டோர்ஸ்வோல்லூரிலும் அதுதான். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, சரளைத் திடலில் மாதிரி முழங்கால் கிழியாது, பந்து நேராக உருளும். சின்ன வயதிலிருந்தே பையன்கள் பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையில் விட்டு ஆடப் பழகினார்கள். எல்லா ஊரிலும் மைதானம், மைதானத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடு, வகுப்பில் பாதிப் பேர் ஏதோ ஒரு கிளப்பில். திறமையுள்ள ஒரு பையன் கண்ணில் படாமல் போக அங்கே வாய்ப்பே இல்லை.

இன்னொன்று சுரங்கப்பாதை. இதைக் கால்பந்து எழுத்தாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. முன்பு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக ஃபெர்ரி பிடிக்க வேண்டும், கடல் கொந்தளித்தால் ஆட்டமே ஒத்திவைப்பு. 2006-இல் கிளாக்ஸ்விக்கைக் கடலடிச் சுரங்கம் இணைத்தது. 2020 டிசம்பரில் திறந்த ஐஸ்துரோய் சுரங்கம் 11 கிலோமீட்டர், கடலுக்கு அடியில் ஒரு ரவுண்டானாகூட வைத்திருக்கிறார்கள். வேலை முடித்து, கார் ஏறி, பக்கத்துத் தீவில் பயிற்சிக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்பலாம். தெற்கே சுதுரோய் தீவுக்கு மட்டும் இன்னும் சுரங்கம் இல்லை, இரண்டு மணி நேர ஃபெர்ரிதான். 1892-இல் தொடங்கிய டிபி கிளப் அந்தத் தீவில்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் அங்கத்திய கிளப்புகள் தனித்தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒன்றாகச் சேர வேண்டி வந்தது. சாலைக்கும் கோலுக்கும் உள்ள சம்பந்தத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சரி, ‘கதவு திறந்ததுதான் காரணம்’ என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு என்ன ஆதாரம்? கிரீன்லாந்து. அதே டென்மார்க் முடியாட்சி, கிட்டத்தட்ட அதே மக்கள்தொகை, அதே மீன் பிழைப்பு. அங்கும் கால்பந்துதான் முதல் விளையாட்டு. இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கும் டென்மார்க்குக்கும் ஆடிய யெஸ்பர் குரோன்கியர் பிறந்தது கிரீன்லாந்தின் நூக்கில்தான். அதாவது திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கிரீன்லாந்து ஃபிஃபாவிலும் இல்லை, யூஇஎஃப்ஏ-விலும் இல்லை. விதி இறுகிய பிறகு அந்தப் பக்கம் போக வழியே இல்லாததால், 2024-இல் வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கூட்டமைப்பில் சேர விண்ணப்பித்தது. 2025 ஜூனில் அவர்களும் நிராகரித்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் சாலை கிடையாது, அதனால் நாட்டின் சாம்பியன்ஷிப்பையே கோடையில் ஏதாவது ஓர் ஊரில் எல்லோரும் கூடி ஒரே வாரத்தில் ஆடி முடிக்கிறார்கள். 1989-இல் தீவுகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் ஃபாரோ, கிரீன்லாந்து இரண்டும் ஒரே தட்டில்தான் இருந்தன. ஃபாரோ அந்தப் போட்டியை 1989-இலும் 1991-இலும் வென்று, பிறகு ஐரோப்பாவைப் பார்த்து நகர்ந்துவிட்டது. கிரீன்லாந்து இன்னும் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கிறது. 38 கோல் வாங்குவதற்குக்கூட அவர்களுக்கு வழியில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். சான் மரினோவுக்கும் அதே 1988-இல் கதவு திறந்ததே, அவர்கள் ஏன் இப்படி வளரவில்லை? 1993-இல் இங்கிலாந்துக்கு எதிராக 8.3 நொடியில் கோல் போட்டு உலகை அசத்திய அணி, இதுவரை வென்ற ஆட்டங்கள் எல்லாம் லீக்டன்ஸ்டைனுக்கு எதிராகத்தான். 2004-இல் ஒன்று, அப்புறம் இருபது வருடம் கழித்து 2024-இல் இரண்டு. நியாயமான கேள்விதான். மக்கள்தொகை முப்பத்து நாலாயிரம்தான் என்பது ஒரு பதில். எனக்குத் தோன்றுவது வேறு. சான் மரினோவைச் சுற்றி நாலு பக்கமும் இத்தாலி. நன்றாக ஆடும் பையன் இத்தாலியின் கீழ்மட்ட லீகில் தொலைந்துபோகிறான், மக்கள் டிவியில் பார்ப்பது யுவென்டஸையும் மிலானையும். உள்ளூர் லீக் யாருக்கும் உயிர் இல்லை. ஃபாரோவில் கடல் நாலு பக்கமும் வேலி மாதிரி இருக்கிறது. எச்பி டோர்ஷவ்னும் பி36-உம் மோதினால் தலைநகரம் இரண்டாகப் பிரியும், கிளாக்ஸ்விக்காரனுக்கு டோர்ஷவ்ன்காரனைக் கண்டால் ஆகாது. அந்தக் கோபம் லீகை வளர்த்தது. ஆக, கதவு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே கொண்டுபோக சொந்தச் சரக்கு இருக்க வேண்டும். ஆனால் சரக்கு இருந்தும் கதவு மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் கிரீன்லாந்து காட்டுகிறது.

இதனால்தான், சின்ன அணிகளைப் பிரதானத் தகுதிச் சுற்றிலிருந்து வெட்டிவிட்டுத் தனிச் சுற்று வைக்க வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். 2016-இல் சான் மரினோவை 8-0 என்று வென்ற பிறகு, இதற்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி ஜெர்மனியின் தாமஸ் முல்லர் அலுத்துக்கொண்டார். 1993-இல் ஃபாரோவைப் பார்த்தும் இதையே சொல்லியிருக்கலாம். அன்று யாராவது கேட்டு நடவடிக்கை எடுத்திருந்தால் இன்று செக் குடியரசு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஐரோப்பிய நாடுகளைத் தரவாரியாகப் பிரித்து ஆடவைக்கும், 2018-இல் வந்த நேஷன்ஸ் லீக் சின்ன அணிகளுக்கு உண்மையிலேயே நல்லது செய்தது. சமமானவர்களோடு ஆடி ஜெயித்துப் பழக ஒரு மேடை. 2020-இல் மால்டா, லாத்வியா, அந்தோரா இருந்த பிரிவில் ஃபாரோ ஒரு ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பிடித்து மேல் பிரிவுக்குப் போனது. அங்கே போனதால்தான் 2022 செப்டம்பரில் துருக்கி டோர்ஷவ்னுக்கு வந்து 2-1 என்று தோற்கும்படி ஆனது. ஆனால் அது தகுதிச் சுற்றோடு கூடுதலாகக் கிடைத்த மேடை. தகுதிச் சுற்றைப் பிடுங்கிக்கொண்டு தந்ததல்ல.

இனி 2025-க்கு வருவோம். ஸ்வீடன்காரர் ஹோகன் எரிக்சனுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் எய்துன் கிளாக்ஸ்டைன், உள்ளூர்க்காரர், முன்பு கேஐ கிளப்பின் பயிற்சியாளர். குரோவேஷியா, செக் குடியரசு, மான்டினீக்ரோ, ஜிப்ரால்டர் என்று பிரிவு அமைந்தது. ஜிப்ரால்டரை இரண்டு முறையும் வென்றார்கள், பிறகு அக்டோபரில் மான்டினீக்ரோ. அக்டோபர் 12 செக் ஆட்டத்தில் முதல் பாதி கோல் இல்லை. 67-ஆவது நிமிடத்தில் ஹானுஸ் சோரன்சன் போட்டார். செக் 78-இல் சமன் செய்தது. பழைய ஃபாரோ அணியாக இருந்தால் அங்கேயே பின்வாங்கி, கோல் வாயில் கூட்டம் போட்டு, ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று பிரார்த்தித்திருக்கும். இவர்கள் முன்னால் போனார்கள். மூன்றே நிமிடத்தில் மார்ட்டின் அக்னார்சன் இரண்டாவது கோலைப் போட்டார். என்னைப் பொறுத்தவரை 1990-க்கும் 2025-க்கும் உள்ள வித்தியாசம் அந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறது. செக் பயிற்சியாளர் இவான் ஹாஷெக்குக்கு அந்த வாரமே வேலை போனது. 1990 உலகக் கோப்பையில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைவராக ஆடியவர் அவர். நம் பட்டியலில் நாலாமவர்.

உலகக் கோப்பைக்குப் போவார்களா என்ற கடைசிக் கேள்விக்கு வருவோம். 2026-க்கு ஐரோப்பாவுக்கு 16 இடம். பன்னிரண்டு பிரிவுகளில் முதலிடம் வருபவர்கள் நேரே போகலாம் என்பது விதியாக இருந்தது. இரண்டாமிடம் வருபவர்களும் நேஷன்ஸ் லீக் வழியாக வரும் நாலு அணிகளும் மீதி நாலு இடத்துக்குப் பிளேஆஃப் எனும் கூடுதல் சுற்று ஆட வேண்டும். கடைசி வாரம் வரை ஃபாரோவுக்கு அந்த இரண்டாமிடம் கணக்கில் இருந்தது. நவம்பர் 14 அன்று குரோவேஷியாவின் ரியேகாவில் ஜெயித்து, ஜிப்ரால்டர் செக் குடியரசை எப்படியாவது தடுத்து நிறுத்தியிருந்தால் பிளேஆஃப். முதல் கோலைப் போட்டதும் ஃபாரோதான், கேசா தாவித் துரி. முடிவில் 3-1 என்று குரோவேஷியா. 12 புள்ளியோடு மூன்றாமிடம், செக்குக்கு 16.

மார்ச் மாதத்தில் செக்கிடம் 2-1, மான்டினீக்ரோவிடம் 1-0 என்று வெளியூரில் தோற்ற இரண்டு ஆட்டங்களும் கையிலிருந்து நழுவியவைதான். அவற்றில் செக் ஆட்டத்தை மட்டும் டிரா செய்திருந்தாலே கணக்கு இன்னும் நெருங்கியிருக்கும். இரண்டாமிடம் வந்து ஒரு பிளேஆஃப் ஆடுவது அடுத்த பத்து வருடத்துக்குள் நடக்கக்கூடியது என்பது என் கணிப்பு. பிளேஆஃபில் வெளியூர் போய் இத்தாலி மாதிரி ஓர் அணியைத் தாண்டி உலகக் கோப்பைக்கே போவது என்றால், அதற்கு இப்போதுள்ள ஆட்டக்காரர்களில் ஐந்தாறு பேராவது பெரிய லீகுகளில் வாராவாரம் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை. அதுவரை, குலுக்கலில் ஃபாரோ பெயர் வந்தால் எதிரணிப் பயிற்சியாளர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பகுதியை ஒருமுறை படித்துவைத்துக்கொள்வது நல்லது.